நடந்தால் வலிக்கும் கால்: குருதியோட்டக் குறைவும் அதற்கான சிகிச்சையும்



கோலியர்ஸ் வுட் நிலக்கீழ் ரயில் நிலையத்திலிருந்து ரூட்டிங் கடைத்தெருவை நோக்கி ஒருவர் நடந்து செல்கிறார். சிறிது தூரம் சென்றதும் அவரது கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. ஒரு கடையின் முன் நின்று, உள்ளே இருக்கும் பொருள்களைப் பார்ப்பவர்போல் இரண்டு மூன்று நிமிடங்களைக் கழிக்கிறார். வலி விட்டதும் மீண்டும் நடக்கிறார். ஏறத்தாழ அதே தூரத்தில் மீண்டும் நிற்கிறார். ஜெர்மானியர் இந்நோயைப் பேச்சு வழக்கில் 'கடைக் கண்ணாடி நோய்' என்றே அழைக்கின்றனர். தமிழ் வீடுகளில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. "வயது போனால் கால் வலிக்கத்தானே செய்யும்" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வைத்தியரிடம் செல்வதும் அங்கேயே தடைப்பட்டு விடுகிறது.

இது முதுமையின் இயல்பன்று. இதயத்திலிருந்து கால்களுக்குக் குருதியைக் கொண்டு செல்லும் நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, வழி குறுகிவிடுவதே காரணம். ஓய்வாக இருக்கும்போது காலின் தசைக்குச் சிறிதளவு குருதி போதும். நடக்கும்போது அது பல மடங்கு கேட்கிறது. குறுகிய நாடியால் அதைக் கொடுக்க முடிவதில்லை. ஆகவேதான் நடந்தால் வலிக்கிறது, நின்றால் விடுகிறது. முதுகெலும்பில் நரம்பு நெரிபடுவதாலும் நடக்கும்போது கால் வலிப்பதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் வெறுமனே நிற்பதால் தணியாது, உட்கார்ந்தோ முன்னே குனிந்தோதான் தணியும். இந்த வேறுபாட்டை வைத்தியரிடம் சொல்வது அவருக்குப் பெரிதும் உதவும்.

இலங்கையின் பழைய நாணயங்களிலும் தபால் தலைகளிலும் முகம் பதிந்திருந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னரை மூத்தோர் பலர் அறிவர். அவருக்கும் காலின் குருதியோட்டம் குன்றியது. கடும் புகைப்பழக்கம் உள்ளவர் அவர். 1948இன் இறுதியில், அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் செல்லவிருந்த பயணத்தை ஒத்திவைத்து ஓய்வெடுக்குமாறு வைத்தியர்கள் பணித்தனர். 1949 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே, இடுப்புப் பகுதியில் நாடிகளைச் சுருக்கும் நரம்பை வெட்டும் சத்திரசிகிச்சை நடைபெற்றது. 1951இல் புற்றுநோய் கண்ட நுரையீரல் ஒன்று அகற்றப்பட்டது. 1952 பெப்ரவரியில், 56 வயதில், அவர் காலமானார். அரசருக்கே அன்று கிடைத்தது ஓய்வும் கத்தியுந்தான். இன்று கோலியர்ஸ் வுட்டில் வாழும் ஒரு சாதாரண நோயாளிக்கு அதைவிட நல்ல சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. கேட்டுப் பெறாமல் இருப்பதுதான் வருத்தத்திற்குரியது.

நோயைக் கண்டறியும் சோதனை எளியது. கையிலும் கணுக்காலிலும் பட்டி சுற்றி, சிறிய ஒலிக்கருவியொன்றின் துணையுடன் குருதி அழுத்தம் அளக்கப்படும். ஊசி இல்லை. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்கும்போது 0.9க்குக் குறைவாக வந்தால் நாடி அடைப்பு இருப்பதாகக் கொள்ளப்படும். நீண்ட காலம் நீரிழிவு உள்ளவர்களின் நாடிகள் கெட்டியாகிவிடுவதால் இந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கக்கூடும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பதுண்டு.

சிகிச்சையில் பலரும் நம்ப மறுக்கும் பகுதி நடை. வலிக்கும் காலை நடக்கவிடாமல் வைத்திருப்பதே அன்பு என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். கடைக்குத் தாமே செல்கின்றனர், அப்பாவைக் காரில் ஏற்றி இறக்குகின்றனர். கால் அதனால் மேலும் பலவீனமாகிறது. இங்கிலாந்தில் 2012 முதல் நடைமுறையிலுள்ள தேசிய வழிகாட்டல், வாரத்திற்கு இரண்டு மணி நேரம் வீதம் மூன்று மாதங்களுக்கு மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சியை முதற் சிகிச்சையாக வழங்கச் சொல்கிறது. வலி கடுமையாகும் வரை நடக்க வேண்டும். நின்று, வலி தணிந்ததும் மறுபடியும் நடக்க வேண்டும். இந்த வலி காலைச் சேதப்படுத்துவதில்லை. வாரங்கள் செல்லச் செல்லத் தசை கிடைக்கும் குருதியை நன்றாகப் பயன்படுத்தப் பழகுகிறது, வலியின்றி நடக்கும் தூரமும் கூடுகிறது. வோண்டில் பூங்காவும் ஆற்றோரப் பாதையும் மேடு பள்ளம் அதிகமின்றி இதற்குப் பொருத்தமாக உள்ளன. உட்கார இருக்கைகளும் உண்டு. ஆயினும் நெஞ்சுவலி உள்ளவர்களும் காலில் புண் உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கலாகாது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டினையும் குருதி உறைவதைத் தடுக்கும் குளோப்பிடோகிரலையும் ஒரு மாதம் எடுத்துவிட்டு, "கால்வலி குறையவில்லையே" என்று நிறுத்திவிடுகின்றனர். அவை வலி மாத்திரைகள் அல்ல. காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு ஏற்படும் ஆபத்து மிகுதி. இந்நோயாளிகளில் பெரும்பாலோர் காலை இழப்பதில்லை, மாரடைப்பும் பக்கவாதமுமே அவர்களைப் பெரிதும் அச்சுறுத்துகின்றன. அதைத் தடுக்கவே அம்மாத்திரைகள். ஊருக்குப் போகும்போதும் அவற்றைப் போதிய அளவு எடுத்துச் செல்ல வேண்டும். சிகரெட் பிடிப்பவர் அதை விடுவது எல்லா மருந்தையும்விட மேலானது. வெற்றிலையோடு போடும் புகையிலையையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குருதியும் குறைந்து, நீரிழிவால் உணர்ச்சியும் மங்கிய பாதம் சுடுவதை அறியாது. குளிருக்காக வைத்த வெந்நீர்ப் போத்தல் கொப்புளத்தை உண்டாக்கியபின், மறுநாள் காலையில்தான் தெரியவரும். நல்லூர்த் திருவிழாவுக்குச் செல்வோர் வெயில் ஏறிய வீதி மணலில் வெறுங்காலுடன் நடப்பதற்கு முன் இதை நினைவிற்கொள்ள வேண்டும். முருகன் கோபிக்க மாட்டார். ஆணிக்கட்டையைச் சவர அலகால் சீவுவதும், வீக்கத்திற்கென்று இறுக்கமான காலுறைகளைத் தாமாக வாங்கி அணிவதும் தீங்கானவை. இரவில் ஒவ்வொரு பாதத்தையும் விரலிடுக்கு உட்படப் பார்த்தல் வேண்டும். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தணிகிறது என்றாலோ, பாதத்தில் புண் ஏற்பட்டாலோ, விரல் கறுத்தாலோ, அன்றே குடும்ப வைத்தியரையோ 111ஐயோ அழைக்க வேண்டும். கால் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, மரத்துப் போனால் அது மணிக்கணக்கில் காலையே இழக்கச் செய்யும் நிலை. 999ஐ அழைக்க வேண்டும். நடையாலும் மருந்தாலும் முன்னேறாதவர்களுக்கு நாடியைப் பலூன் கொண்டு விரிக்கவும், மாற்று வழி பொருத்தவும் நிபுணர்கள் உள்ளனர். அடுத்த ரயில் நிலையமான ரூட்டிங் பிரோட்வேக்கு அருகிலுள்ள சென் ஜோர்ஜஸ் வைத்தியசாலையில் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

60 வயதைக் கடந்தவர்களுக்கு இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் அதற்கு முன்பே விலக்குச் சான்றிதழ் பெறலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசமே. நேரம் குறிக்கும்போதே வரவேற்பாளரிடம் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கால் புண்ணைப் பற்றியும் புகைப்பழக்கத்தைப் பற்றியும் மகனை வைத்துக்கொண்டு உண்மை பேசத் தயங்கும் தந்தையர் பலர்.