தாய் படிக்கும் வேளையில் பிள்ளையை யார் பார்ப்பது?

(கீழ்ப் பழனி மலைப் பகுதியில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி உங்களிடம் பேசுவதற்குப் பலர் வருகிறார்கள். நாம் இன்று பேச வந்திருக்கும் விஷயம் எந்த மதிப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ, ஒன்றிரண்டு குழந்தைகளுடன் தனித்து நிற்கும் பெண்கள் இம்மலையின் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ பள்ளியை விட்டவர்கள். மறுபடியும் படிக்க வேண்டுமென்ற ஆசை அவர்களுக்கு உண்டா என்று சிலர் ஐயுறுகிறார்கள். காப்பிப் பழம் பறிக்கும் இடத்தில் சற்று நின்று கேட்டுப் பாருங்கள். ஆசைக்குக் குறைவில்லை என்பது விளங்கும்.

சென்னை நகரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை முதலில் கூற விரும்புகிறோம். மலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டாம். தொடர்பு பின்னால் வரும்.

1919-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் லலிதா. அக்காலத்து வழக்கப்படி 15 வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. 1937-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதமாகும்போது கணவர் காலமானார். அப்போது அந்தத் தாய்க்கு வயது 18. தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கும் கொடுமை பல வீடுகளில் இன்னும் நீங்காதிருந்த காலம் அது. லலிதாவின் குடும்பத்தார் அவ்வழியில் செல்லவில்லை. ராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் அவர் தேறினார். அதன்பின் அவர் விரும்பிச் சேர்ந்தது கிண்டிப் பொறியியற் கல்லூரி. ஆடவர் மட்டுமே பயின்றுவந்த அக்கல்லூரியில் அவருடைய தந்தையார் பப்பு சுப்பாராவ் மின்பொறியியற் பேராசிரியராக இருந்தார். கல்லூரித் தலைவர் சாக்கோ இசைந்தார். அரசாங்கக் கல்வி அதிகாரியும் அனுமதித்தார். தொடர்ந்து மேலும் இரண்டு பெண்கள் அங்கே சேர்ந்தார்கள். 1943-இல் லலிதா படிப்பை முடித்தார். மின்பொறியியல் பயின்று பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. சான்றிதழில் ஆண்பாலில் அச்சிடப்பட்டிருந்த சொல்லை மையால் அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள். பெண்ணொருத்தி வருவாள் என்று அச்சுக்கூடமும் எதிர்பார்க்கவில்லை!

பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்சாரப் பணிகளில் அவருக்குப் பங்கு இருந்தது. 1964-இல் நியூயார்க் நகரில் கூடிய பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்கும் சென்றுவந்தார். 1979-இல் மறைந்தார்.

இத்தனையையும் கேட்பவர் அவருடைய அறிவைப் புகழ்வர். தந்தையாரின் செல்வாக்கையும் கூறுவர். இரண்டும் உண்மையே. ஆயினும் நாம் உங்கள் கவனத்தை இன்னொன்றின்மீது திருப்ப விரும்புகிறோம். லலிதா கல்லூரி விடுதியில் தங்கியிருந்த நாட்களில் அவருடைய குழந்தை எங்கே இருந்தது? அருகில் வசித்த சகோதரரின் வீட்டில் வளர்ந்தது. வாரந்தோறும் தாய் சென்று பார்த்துவந்தார். படித்து முடித்து முதன்முதலாகச் சிம்லாவில் வேலை ஏற்றதற்கும், பின்னர்க் கல்கத்தாவில் வேலை ஏற்றதற்கும், அவ்வூர்களில் உடன்பிறந்தார் குடும்பம் இருந்தது முக்கியமான காரணம். தமக்கு ஏற்ற வேலை எது என்பதைப் போலவே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வீடுகள் இல்லாதிருந்தால் கிண்டியின் கதவு திறந்திருந்தும் அவருக்குப் பயன்பட்டிராது.

இப்பொழுது மலைக்குத் திரும்புவோம். 1984-இல், திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பே, பெண்களுக்கென்று அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. அட்டுவம்பட்டியில் அதன் கட்டிடங்களைப் பார்த்திருப்பீர்கள். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் கூலி வேலை செய்யும் ஒரு தாய்க்கு அது தன் மலையில் இருந்தும் வேறு தேசத்தில் இருப்பதைப் போன்றது. நடுவே பத்தாம் வகுப்பு என்ற ஓடை குறுக்கிட்டு நிற்கிறது. அதற்குப் பாலம் இல்லை.

பாலம் அறவே இல்லை என்பதும் சரியன்று. பள்ளிக்குச் செல்லாமலே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். பதினாலரை வயது நிறைந்திருக்க வேண்டுமென்பது விதி. உச்ச வயது வரம்பு இல்லை. எட்டாவது முடிக்காதவர்களுக்கும் தனித்தேர்வு நடைபெறுகிறது. பாடத்துக்கு 35 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. அறிவியற் பாடத்தில் செய்முறைக்கென்று 25 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருப்பதால், அதற்காகத் தனியே பதிவு செய்துகொண்டு, குறிப்பிட்ட பள்ளிக்குச் சென்று பயிற்சி பெற வேண்டும். இங்கேதான் மலைப் பெண்கள் பலர் தவறவிடுகிறார்கள். தேர்வுக்கு விண்ணப்பிப்பதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகிறோம். பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் தாண்டிக் குதித்து நேரே பட்டம் பெறலாமென்று சிலர் ஆசை காட்டுவார்கள். அவ்வாறு பெறும் பட்டம் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்பதை 2009-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று தெளிவாக்கிற்று. பணத்தையும் ஆண்டுகளையும் இழந்தபின் இதை அறிவதால் பயனில்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறுவதே நல்லது.

உதவித் தொகைகளையும் பற்றி மனம் திறந்து பேசுவோம். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க முற்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் அதன் அடிப்படையாக இருந்தது. நல்ல திட்டந்தான். ஆனால் நடுவில் பள்ளியை விட்ட தாய்க்கு அது எட்டாது. அவள் மகளுக்கு எட்டும். இக்குறையை மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லக் கிராம சபைத் தீர்மானத்தைவிட ஏற்ற கருவி வேறில்லை.

மாலை வகுப்பு நடத்தலாமே என்று எவரேனும் கேட்கலாம். 1990-களில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையிலும் பிற மாவட்டங்களிலும் இரவு நேரங்களில் பெண்களைக் கூட்டி எழுத்தறிவித்தது உண்மை. சமவெளிக்குப் பொருந்தியது மலைக்குப் பொருந்துமென்று கொள்ளலாகாது. நான்கு மணிக்கு மூடுபனி இறங்குகிறது. மேல்மலைச் சாலையில் காட்டெருமை நிற்கிறது. கீழ்மலைத் தோட்டங்களில் யானை நடமாட்டம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் இருட்டில் வீடு திரும்புவாள்? திரும்புகிறாள் என்றே வைத்துக்கொண்டாலும், ஊரார் வாய் சும்மா இருக்குமா? காட்டெருமைக்கு ஒதுங்கிப் போகலாம். ஊர்ப்பேச்சுக்கு ஒதுங்க இடமில்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமைப் பகற்பொழுதே தகுந்தது. அன்று தோட்ட வேலை இல்லை. ஆனால் அன்று அங்கன்வாடியும் இல்லை! விஷயம் முழுவதும் இந்த முடிச்சில் அடங்கியிருக்கிறது. வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைக் காக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுக்குப் புதிதன்று. ஐம்பது பெண்களுக்குமேல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. கூலிக்குப் போகிறவளுக்குக் காப்பகம் வேண்டுமென்று கண்ட நாம், படிக்கப் போகிறவளுக்கும் வேண்டுமென்று காணவில்லை.

இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. மகளிர் சுய உதவிக் குழுக் கட்டிடமோ, ஊர் நூலகமோ ஞாயிறு பத்து மணி முதல் ஒரு மணி வரை திறந்திருக்கட்டும். ஓர் அறையில் தாய்மார் படிக்கட்டும். பக்கத்து அறையில் பாயை விரித்து, பிள்ளை வளர்த்துப் பழகிய பாட்டியர் இருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்குச் சிறு தொகை கொடுப்பது அவசியம். இலவசமாக வாங்கும் உழைப்பு மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் என்பது நாம் பல இடங்களில் கண்ட அனுபவம். கற்பிப்பதற்கு உங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காலத்தையும் நீங்கள் வகுத்துக்கொள்ள வேண்டும். கார்த்திகையில் தொடங்கித் தை வரை காப்பிப் பறிப்பு. அந்நாட்களில் கூலியை விட்டு எவரும் வரமாட்டார்கள். வரச் சொல்வதும் நியாயமன்று. பொதுத் தேர்வோ பங்குனியை ஒட்டி வருகிறது. எனவே ஆனி, ஆடி, ஆவணியில் பாடங்களை முடித்து, பறிப்புக் காலத்தில் மெல்ல நடத்தி, மாசியில் மறுபடியும் ஊன்றிப் படிக்கும்படி வகுப்பு அமைய வேண்டும். ஒரு பாடத்தில் தவறியவர் துணைத்தேர்வு எழுதலாம். அதைத் தோல்வி என்று ஊரில் பேச விடாதீர்கள்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. செய்முறைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் சில நாட்கள் உங்கள் தோட்டத்துப் பெண் விடுப்புக் கேட்பாள். அந்நாட்களுக்காக அவளை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள். பழைய பள்ளியில் சான்றிதழ் வாங்க அவள் அலையும்போது, பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் உடன் செல்லுங்கள். தனியே சென்றால் நாளை வா என்பார்கள். நீங்கள் சென்றால் அன்றே கிடைக்கும். எப்படி என்று எங்களைக் கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும்.

தனித்தேர்வர் விண்ணப்பத்துக்குரிய அறிவிப்பு செய்தித்தாளில் வரும். தேர்வுத் துறை இணையதளத்திலும் வரும். மலையூர்களில் பலருக்கு அது கடைசி நாளுக்குப் பின்பே தெரியவருகிறது. இனி அது வெளியான அன்றே உங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ரேஷன் கடை வாசலிலும் ஒன்று ஒட்டிவிடுங்கள். பெண்கள் நிற்கும் வரிசை அங்கேதான் நீளமானது.