சொல் பிரியும் இடம்



அச்சில் வரி நிறைந்து, சொல்லுக்கு இடம் போதாமற் போனால், அதை எங்கே பிரித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது? அச்சுக்கூடத்துச் சின்ன வேலையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் மொழியின் பெரிய உண்மையொன்று இருக்கிறது. பொருள் தெரியாமற் சில சொற்களைப் பிரிக்க முடியாது.

ஆங்கிலத்தில் 'பிரசென்ட்' (present) என்ற சொல்லை எடுங்கள். இடாப்புக் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்வது அது. பரிசுக்கும் நிகழ்காலத்துக்கும் அதுவே பெயர். இப்பொருள்களில் முதலசை அழுத்தம் பெறும். நான்காம் எழுத்தின் பின் பிரிப்பார்கள். 'சமர்ப்பி' என்னும் வினையாக வந்தால் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகும்; மூன்றாம் எழுத்தின் பின்னேயே பிரிக்க வேண்டும். எழுத்து ஏழும் அப்படியே இருக்கின்றன.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கனூத்தின் மாணவர் பிராங்க் லியாங், 1983இல் முடித்த ஆய்வில், ஆங்கிலச் சொற்களைக் கணினியே பிரிப்பதற்கு வழி கண்டார். கனூத்தின் 'டெக்' அச்சுக்கோப்பு நிரலுக்கு அவர் தந்தவை 4447 எழுத்துக்கோலங்கள். அவற்றுக்கு அடங்காத 14 சொற்களுக்குத் தனிப்பட்டியல் உண்டு. அதில் 'பிரசென்ட்' எங்கும் பிரிக்கப்படாமல் முழுதாக நிற்கிறது. எழுத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்கு, அது பரிசா சமர்ப்பிப்பதா என்று தெரிய வழியில்லை.

இதே சிக்கலைத் தொல்காப்பியம் அறிந்திருந்தது. எழுத்து ஒன்றாயிருந்து பொருள் வேறுபடும் புணர்ச்சிகளை ஒலிக்கும் இசையால் அறியச் சொல்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் 'செம்பொன்பதின்றொடி'யில், தொடி ஒரு நிறையளவு. 'செம்பொன்' என்று நிறுத்தினால் பத்துத் தொடிப் பொன். 'செம்பு' என்று நிறுத்தினால் ஒன்பது தொடிச் செம்பு. பொன்னைச் செம்பாக்கிவிடுகிறது ஓர் இடைவெளி!

இன்னோர் எடுத்துக்காட்டு புளியங்கூடல் என்ற நம்மூர்ப் பெயரிலேயே இருக்கிறது. புளி என்பது மரத்தைக் குறித்தால் 'அம்' சாரியை பெறும். சுவையைக் குறித்தால் பெறாது என்பது தொல்காப்பிய விதி. சுவைப்புளி சேர்ந்தால் புளிங்கூழ். மரப்புளி சேர்ந்தால் புளியங்கிளை, புளியங்கூடல். சொற்கள் சேருமிடத்தையும் பொருளே ஆள்கிறது.

தொல்காப்பியத்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்த வழியில் வந்த நாம் அச்சில் கவலையீனமாக இருக்கலாமா? கோயில் மலரோ பள்ளிக்கூடச் சஞ்சிகையோ நினைவுக் கல்வெட்டோ எதை அச்சிட்டாலும், புள்ளியெழுத்து வரியின் தொடக்கத்தில் வர விடாதீர்கள். 'புளியங்' ஒரு வரியிலும் 'கூடல்' மறு வரியிலும் வரட்டும். 'புளிய' என்று நிறுத்தி 'ங்கூடல்' என்று தொடங்கினால் வாசிக்கும் பிள்ளை தடுமாறும்.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆங்கிலமோ தமிழோ, சொல்லைப் பிரித்துக் காட்டும்போது அது நிற்கும் வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே பிரிப்பது என்பதை அந்த வாக்கியமே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்.