நீரிழிவும் பெருந்தொற்றும்



மொழிபெயர்ப்பு என் தொழில். மத்திய அரசின் அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியின் பொருட்டு டில்லிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அந்நாட்களில் என் மேசைக்கு வந்த அறிக்கைகளில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. தமிழில் அதை 'இணைநோய்' என்று எழுதினோம். ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள நோய், புதிதாக வந்த நோயோடு சேர்ந்துகொண்டு அவரை வருத்துமானால், அதற்கு இணைநோய் என்று பெயர். அந்த வரிசையில் தவறாமல் இடம் பெற்றது நீரிழிவு. அச்சொல்லை நூறு முறையாவது எழுதியிருப்பேன். நானும் ஒரு நீரிழிவு நோயாளியே. ஆயினும் அது என்னையும் குறிக்கும் சொல் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தேனில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது எனக்கு விளங்கிற்று. கொரோனாவின் இரண்டாம் அலை டில்லியை வருத்திய நேரம். எனக்குக் காய்ச்சல் கண்டது. நாக்கில் சுவை இல்லை, கஞ்சியும் இறங்கவில்லை. 'உணவே இல்லாதபோது சர்க்கரைக்கு மருந்து எதற்கு?' என்று நானே முடிவு செய்து, மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் ஓயாத தாகம், வாந்தி; எழுந்து நிற்க இயலவில்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தம் வீட்டுச் சர்க்கரைச் சோதனைக் கருவியை வாசற்படியில் வைத்துச் சென்றார். கருவி 430 என்று காட்டியது.

டாக்டர் ஒருவர் தொலைபேசியில் கிடைத்தார். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளாக என்று இந்தியில் கேட்டார். நான் பேசும் நிலையில் இல்லை. என் மனைவி கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள். காய்கறி வாங்கும் அளவுக்கு இந்தி அறிவாள். காலையில் வெள்ளை மாத்திரை, இரவில் ஓர் ஊசி என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிழை அவளுடையதன்று. ஊராருக்கெல்லாம் நாள்தோறும் எழுதிய நான், என் வீட்டாருக்கென்று நான்கு வரி எழுதி வைக்கவில்லை. மருந்துச் சீட்டைத் தேடி எடுக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. அதைப் படம் எடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்ப, அந்த அம்மையார் டாக்டரிடம் படித்துச் சொன்னார். பிறகு இரண்டு நாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கிடந்து பிழைத்தேன்.

நான் செய்த தவறு எங்கே? நோய் வந்தால் உடல் அதனோடு போராடச் சில சுரப்புகளை மிகுதியாக வெளிவிடுகிறது. அவை ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆகவே நாம் உண்ணாதிருந்தாலும் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரையோ, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் ஆற்றலைக் குறைக்கிறது. இவ்வாறு ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டு போகின்றன. நீரிழிவு உள்ள எல்லோருக்கும் கொரோனா ஒரே அளவில் கொடியதன்று. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கே இடர் மிகுதி.

எனவே காய்ச்சல் கண்டால் இன்சுலினை நாமாக அறவே நிறுத்தலாகாது. அதன் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. வாந்தி, பேதி இருக்கும்போது சில மாத்திரைகளை நிறுத்தி வைக்க நேரலாம். எதை என்பதையும் அவரே சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதித்து எழுதி வையுங்கள். தண்ணீர், மோர், ரசம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பருகுங்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் அன்போடு சொல்லும் கஷாயத்தில் வெல்லமோ தேனோ சேர்ந்தால், அதுவும் சர்க்கரையே. எனினும், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால், அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால்மணி கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலும், மூச்சு வாங்கினாலும், விரலில் மாட்டும் கருவி பிராணவாயுவின் அளவை 94க்குக் கீழே காட்டினாலும் வீட்டில் காத்திருத்தல் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை ஸ்டீராய்டு மருந்தைப் பற்றியது. பிராணவாயு தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரை அம்மருந்து காத்தது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டிற்று. தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் காணப்படவில்லை. அதுவே சர்க்கரையை வெகுவாக ஏற்றும் மருந்தும் ஆகும். 2021இல் நம் நாட்டில் பரவிய கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் நீரிழிவு உள்ளவர்கள். ஸ்டீராய்டு உட்கொண்டவர்களும் மிகப் பலர். பக்கத்து வீட்டாருக்கு எழுதித் தந்த சீட்டைக் கொண்டு அம்மருந்தை வாங்கி உண்பது பேராபத்து.

வட இந்தியாவில் வாழும் நம்மவர்க்கு வெயிலும் ஒரு பகை. திறவாத இன்சுலினைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைக்காமல், கதவுத் தட்டில் வைக்க வேண்டும். மின்சாரம் நின்றால் ஈர மணல் சூழ்ந்த மண்பானை உதவும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அவ்வைரஸ் ஒழிந்துவிடவில்லை. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதென்று அதே ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. கொரோனாவுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டறிந்து வையுங்கள். நெரிசலில் முகக்கவசம் அணிவதில் வெட்கம் வேண்டாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மும்பையிலோ கல்கத்தாவிலோ டில்லியிலோ, உறவினர் இல்லாத ஊரில் வாழ்கிறோம். நமக்காகப் பேசப்போகிறவர் அண்டை வீட்டுக்காரர். ஆகவே ஒரு தாளை எடுத்து, உங்கள் நோய், அது எத்தனை ஆண்டாக உள்ளது, மருந்துகளின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாத மருந்து, டாக்டரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மருந்தின் விற்பனைப் பெயர் மாறும். ஆகவே அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒருமுறை, நீங்கள் வாழும் ஊரின் மொழியில் ஒருமுறை, வீட்டாருக்காகத் தமிழில் ஒருமுறை. எங்கள் வீட்டில் அத்தாள் இப்போது சமையலறைக் கதவின் பின்புறம் ஒட்டியிருக்கிறது. என் மனைவி அதைப் பார்க்காமலே மூன்று மொழியிலும் சொல்வாள்.

இன்றிரவே உங்கள் தாளையும் எழுதிவிடுங்கள்.