காணி உரிமையும் கட்டட அனுமதியும்

பேர்ண் மாநிலக் கிராமப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான தகவற் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை



ஊரிலே காணி உறுதி கையில் இருந்தால், வேலிக்குள் கொட்டில் போடுவதற்கு எவரையும் கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. சுவிற்சர்லாந்தில் அவ்வழக்கம் பேரிழப்பைத் தரக்கூடியது. இங்கே நிலத்தின் உரிமை வேறு; அந்நிலத்தில் கட்டும் உரிமை வேறு.

1969 செப்டெம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பின் மூலம், சொத்துரிமையும் நிலத் திட்டமிடலும் ஒருங்கே அரசியலமைப்பில் இடம்பெற்றன. நிலத் திட்டமிடற் சட்டம் 1980 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கெமைண்டே எனப்படும் உள்ளூராட்சிச் சபை, தன் எல்லைக்குட்பட்ட நிலத்தைக் கட்டட வலயம், விவசாய வலயம், பாதுகாப்பு வலயம் எனப் பிரித்து வரைபடமாக வைத்திருக்கும். கட்டட வலயம் 15 ஆண்டுத் தேவையை விஞ்சுதல் ஆகாது. 2013 மார்ச் 3 வாக்கெடுப்பில் 62.9 வீதத்தினர் ஆதரித்த திருத்தம் இக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் கிராம எல்லையில் பழைய பண்ணைவீடு ஒன்றை வாங்கியதாகக் கொள்க. சுற்றியுள்ள நிலம் விவசாய வலயம். பேர்ண் மாநிலத்தில் 10 சதுர மீற்றர் பரப்பும் 2.5 மீற்றர் உயரமும் மிகாத, வெப்பமூட்டப்படாத, குடியிருப்புக்கு அல்லாத சிறு கொட்டிலுக்குப் பொதுவாக அனுமதி வேண்டியதில்லை என அறிந்து, அக்குடும்பம் கொட்டில் எழுப்புகிறது. கட்டட வலயத்துக்குப் பொருந்தும் அச்சலுகையை விவசாய வலயத்தில் நம்பியிருக்க இயலாது. அங்கே சபையின் இசைவும் தனித்துப் போதாது. மாநிலத் திணைக்களமே முடிவு செய்யவேண்டும். சபை உத்தியோகத்தர் வாய்மொழியாகக் கூறும் சம்மதம் அனுமதி ஆகாது.

அனுமதியின்றிக் கட்டியதை அகற்றுமாறு கட்டளை வந்தால், இடிக்கும் செலவும் உரிமையாளரையே சாரும். எனினும், கட்டளை கிடைத்த 30 நாட்களுக்குள் பிந்திய அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இத்தவணையைத் தவறவிடலாகாது.

முன்னைய உரிமையாளர் கட்டியவற்றுக்கும் இதே நிலைதான். கட்டட வலயத்துக்கு வெளியே, 30 ஆண்டுகள் கழிந்தாலும் அகற்றக் கோரும் அதிகாரம் அற்றுப்போவதில்லை எனக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆகவே, நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிடுவதற்கு முன்னரே மூன்றைக் கேட்டறிதல் வேண்டும்: நிலம் எவ்வலயத்தைச் சேர்ந்தது? அதிலுள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுமதி உண்டா? எத்தகைய மாற்றங்களுக்கு இடமுண்டு? வாழ்நாட் சேமிப்பைக் காக்கும் கேள்விகள் இவை.

அயற்காணியில் புதிய கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் கம்பங்கள் நாட்டப்படும்போது, விண்ணப்பம் பகிரங்கப்படுத்தப்பட்டு, ஆட்சேபிக்க 30 நாட்கள் வழங்கப்படும். பாதிக்கப்படுவோர் எந்நாட்டுக் குடியுரிமை உடையவராயினும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். சட்டம் கடமையை மட்டுமன்றி, இவ்வுரிமையையும் தந்துள்ளது.