மீண்டும் குழிக்குள் இறங்கியவள்: ‘ஜெர்மினல்’ நாவலும் தங்கவயலும்



1902ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிசில் எமில் ஸோலாவின் இறுதி ஊர்வலம் நடைபெற்றபோது, வடபிரான்சின் தெனேன் நகரிலிருந்து வந்திருந்த சுரங்கத் தொழிலாளர்கள் ஒரே சொல்லை முழங்கியவாறு நடந்தனர். அது அவர் எழுதிய நாவலின் பெயர்: ஜெர்மினல். அதே 1902இல்தான் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. அது ஜான் டெய்லர் கம்பெனியின் இயந்திரங்களுக்காக வந்தது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து தட்டி வீடுகளில் முடங்கிக் கிடந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்காக அன்று.

1885இல் வெளிவந்த அந்நாவல், பிரெஞ்சு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் நிகழும் வேலைநிறுத்தத்தின் கதை. அதை எழுதுவதற்கு முன் ஸோலா, அன்ஸேன் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நாட்களில் அங்கே சென்று, குழிக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். கூட்டத்தை அவர் பல இடங்களில் வெறிகொண்ட விலங்கைப் போலச் சித்தரித்திருப்பது உண்மையே. லூக்காச் போன்ற மார்க்சிய விமர்சகர்கள் அவருடைய இயற்கைவாதத்தைக் குறைகூறியதிலும் நியாயம் உண்டு. எனினும் மாயூ குடும்பத்தைப் போன்றதொரு குடும்பத்தைத் தங்கவயலின் எந்த லைன் வீட்டிலும் கண்டிருக்கலாம். அரை நூற்றாண்டு குழியில் உழைத்துக் கரிய சளியை உமிழும் பாட்டனுக்குப் பதிலாக, இங்கே சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்டிப்பட்டு இருமும் பாட்டன் இருந்தான்.

நம்பிக்கை என்பதை இந்நாவல் எங்கே தேடுகிறது? பழிக்குக் கடவுள் துணை நிற்பார் என்று புதிய பாதிரியார் வாக்களிக்கிறார். தொழிலாளர் வீடுகளில் அது எடுபடவில்லை. அனைத்தையும் அழித்தால்தான் புது உலகம் என்கிறான் சுவாரின். அவன் குழியின் சுவரை அறுத்துவிட, நீர் புகுந்து சாவது முதலாளி அல்லன், உடன் உழைத்தோரே. அடைபட்ட எத்தியெனும் காத்ரினும் பாறையைத் தட்டுகின்றனர். மேலிருந்து பதில் தட்டு கேட்கிறது. காத்ரினின் அண்ணன் ஸகாரி வெறிகொண்டு பாறையைக் குடைகிறான். வாயு வெடித்து அவனே மடிகிறான். எத்தியென் மட்டும் உயிரோடு மீட்கப்படுகிறான். அந்தப் பதில் தட்டுதான் இந்நாவலின் நம்பிக்கை. சாம்பியன் ரீஃப் குழி மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கொண்டது. அங்கே பாறை வெடிக்கும்போது மேலே வீட்டுச் சுவர்களும் அதிர்ந்தன. அவ்வேளையில் குழிவாயிலில் காத்து நின்ற குடும்பங்களின் வழிவந்தோருக்கு இந்தப் பகுதியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தங்கவயலுக்கு மற்றொரு நம்பிக்கையும் இருந்தது; அது ஸோலா அறியாதது. 1907இல் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தோன்றியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழ் 1926 முதல் அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் இங்கிருந்தே வெளிவந்தது. சாதி இழிவை ஏற்க மறுத்த மனிதர்கள் குழிவேலை முடித்து வந்து படித்தார்கள், விவாதித்தார்கள். செங்கொடி இங்கே தரிசு நிலத்தில் ஊன்றப்படவில்லை. உழுது வைத்த நிலத்தில் ஊன்றப்பட்டது. இடதுசாரிகளின் எழுத்து இதை உரிய அளவில் ஒப்புக்கொண்டது என்று கூற முடியாது.

1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தது. தொழிற்சங்கம் என்று ஒன்று இல்லாத நிலையிலும் வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீடித்தது. கூலிக்காக மட்டும் அன்று. குற்றவாளிகளைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்னும் தன்மானத்துக்காக. 1946 நவம்பர் 4 அன்று போலீசார் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் ஆகியோர் தலைமையேற்று நடத்திய காலம் அது. நாவலிலும் இராணுவத்தினர் சுடுகின்றனர், மாயூ மடிகிறான்.

துணிவின் வரலாறு இத்தகைய நாட்களால் எழுதப்படுகிறது. அந்த நாட்களுக்கு மறுநாள் என்ன நடந்தது என்பதே இந்நாவல் எழுப்பும் கடினமான கேள்வி. மாயூவின் மனைவி வேலைநிறுத்தத்தில் எவரினும் உறுதியாக நின்றவள். முதலில் குழிக்குத் திரும்புபவனின் கழுத்தை நெரிப்பேன் என்றவள். கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தபின், எஞ்சிய சிறுவர்களுக்கு உணவு தேடி, நாற்பது வயதில், அற்பக் கூலிக்கு அவளே குழிக்குள் இறங்குகிறாள். இதைத் தோல்வி என்று வாசிப்பவர் உண்டு. எத்தியென் அவ்வாறு கருதவில்லை. விடைபெறும்போது அவன் அவள் கையைப் பற்றுகிறான். அவளும் அவனைக் குறைகூறவில்லை. பிழைத்திருப்பதைச் சரணடைதல் என்று பெயரிடும் உரிமை, பசித்த பிள்ளைகள் இல்லாத விமர்சகனுக்குக் கிடையாது. 1930க்கும் 1946க்கும் இடையே பதினாறு ஆண்டுகள். அவ்வளவு காலமும் கூண்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தவர்கள்தாமே பின்னர் எழுந்தார்கள்?

சுரங்கங்கள் 1956இல் அரசுடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. 2001 பிப்ரவரி இறுதியில் மத்திய அரசு அதனை மூடியது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை வெளியே கொணர்ந்த ஊருக்கு, காற்றடித்தால் கண்ணை எரிக்கும் சயனைடு மேடுகளே எஞ்சின. அம்மேடுகளிலும் தங்கம் மிஞ்சியிருக்கிறது. அதனை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது. அந்த வேலையில் தங்கவயல் பிள்ளைகளுக்கு என்ன பங்கு, லைன் வீடுகளின் உரிமை எவருக்கு என்று தோழர்கள் வீடுவீடாகச் சென்று கேட்க வேண்டிய காலம் இது.

நாவலின் முடிவில் எத்தியென் ஏப்ரல் மாத வெயிலில் நடந்து செல்கிறான். காலடியில், பூமிக்குக் கீழே, தோழர்களின் உளிச் சத்தம் அவனுக்குக் கேட்கிறது. தங்கவயலின் பூமிக்குக் கீழே இன்று அந்தச் சத்தம் இல்லை. குழிகளில் நீர் நிரம்பியிருக்கிறது. சுரங்கத் தொழிலாளரின் மகன்களும் மகள்களும் பொழுது புலரும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். அந்த ரயில் பெட்டியிலும் சங்கம் பற்றிப் பேசுவோர் இருக்கிறார்கள்.