ஊர்க் காவலும் ஒரு திருத்தொண்டே
(ஆலய மண்டபத்தில் திருவிழாக் காலச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர் வீதிவலம் வரும் இரவில் நம் தாமானில் ஒரு காட்சியைக் காணலாம். பால்குடம் எடுப்பவர், தேரிழுப்பவர், அன்னதானக் கூடத்தில் பரிமாறுபவர் எனக் குடும்பம் குடும்பமாக அனைவரும் இங்கே வந்துவிடுகின்றனர். வீதிகளில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தேர் வரும் நாள் நமக்குத் தெரிவதுபோலவே திருடனுக்கும் தெரியும். அம்பாளைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பும் ஒரு தாய், உடைந்த கதவையும் திறந்து கிடக்கும் அலமாரியையும் காண நேர்ந்தால், அன்றைய திருவிழா அவள் நெஞ்சில் எப்படி நிலைக்கும்? ஆகவேதான் இம்மேடையில் குடியிருப்புப் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

காவல் என்பது நம் சமயத்துக்குப் புதிதன்று. சிவாலயங்களில் அர்த்தசாம பூசை முடிந்ததும் திறவுகோலைப் பைரவர் சந்நிதியில் வைத்துச் செல்வது மரபு. இந்நாட்டுத் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் எல்லையில் முனீஸ்வரரை நிறுத்தி வழிபட்டனர். ஆயினும் தெய்வத்தை நம்பியவர்கள் தங்கள் கடமையைக் கைவிட்டதில்லை. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் வரி காணப்படுகின்றது. ஊரைக் காப்பதற்காக ஊரார் செலுத்திய பங்கு அது. இன்று நாம் 'பாதுகாப்புக் கட்டணம்' என்கிறோமே, அதற்கு நம் மரபில் ஆயிரம் ஆண்டு வயது உண்டு.

அந்த மரபு நமக்கு ஓர் எச்சரிக்கையையும் விட்டுச் சென்றுள்ளது. பிற்காலத்தில் தென் தமிழகத்தில் காவல் முறை சில இடங்களில் நெறி தவறியது. காவற்பணம் கொடாதவன் வீட்டுக் கால்நடை இரவோடு இரவாகக் காணாமற் போயிற்று. காப்பதற்குக் கொடுத்த பணம், அச்சத்துக்குக் கொடுக்கும் பணமாக மாறிற்று. கேள்வி கேட்பாரில்லாத பொதுப்பணம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்கள் ருக்குன் தெத்தாங்கா திட்டத்தைக் கோலாலம்பூர் கம்போங் காசிப்பிள்ளையில் தொடக்கிவைத்தார். தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இடத்தில் அது தொடங்கியது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி. அக்காலத்தில் இரவுச் சுற்றுக்காவல் கட்டாயமாயிருந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி, கையில் விளக்குடன் அயலார் சேர்ந்து நடந்தனர். பின்னர் அத்திட்டம் அயலார் நல்லுறவை முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது. 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டத்தின்கீழ்த் தன்னார்வச் சுற்றுக்காவலுக்கு இன்றும் இடமுண்டு.

ஆனால் இன்று பல தாமான்களில் மக்கள் நடப்பதை விட்டுவிட்டுப் பணம் கொடுத்துக் காவலரை அமர்த்துகின்றனர். வேலை நேரமும் பயணக் களைப்பும் அப்படி. அதில் குற்றமில்லை. ஆயினும் அதன் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 வீடுகள் உள்ள குடியிருப்பில் இரவுக் காவலுக்கு மாதம் 5,000 வெள்ளி தேவை என்று கொள்வோம். அனைவரும் கொடுத்தால் வீட்டுக்கு 50 வெள்ளி. 60 வீட்டார் மட்டும் கொடுத்தால் 83 வெள்ளிக்கு மேல். அதைக் கண்டு இன்னும் பத்து வீட்டார் விலகினால் 100 வெள்ளி. அப்போது மேலும் சிலர் விலகுவர். பணம் கொடாத வீட்டையும் அதே காவலர்தானே சுற்றி வருகிறார் என்ற மனக்கசப்பு எழும். இவ்வாறே பல நல்ல முயற்சிகள் நின்றுபோகின்றன.

கொடாதவரை வற்புறுத்தலாமா? கூடாது. அரசாங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, பொதுச் சாலை உள்ள குடியிருப்பில் இத்திட்டத்திற்குப் பெரும்பாலோர் இணக்கம் வேண்டும் என்கிறது; இணையாதவரைக் கட்டாயப்படுத்த இடந்தரவில்லை. 2015இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கில், கட்டணம் செலுத்தாத குடியிருப்பாளர் தடுப்புக் கம்பத்தைத் தாமே திறந்து செல்ல வேண்டியிருந்தது. ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற்ற அத்தடுப்பு சட்டவிரோதமன்று என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தின் நிலை அது. ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் வாழும் சகோதரி, இரவு வேலை முடிந்து மழையில் வந்து அக்கம்பத்தைத் தாமே தூக்குகிறார். உள்ளே காவலர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சகோதரி நாளை நம் அன்னதானக் கூடத்தில் நம்மருகே அமர்வார். அப்போது அவர் முகத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

கொடுக்க மனமில்லாதவர் வேறு. கொடுக்க வழியில்லாதவர் வேறு. இவ்விருவரையும் ஒன்றாக எண்ணுவதே நம் குடியிருப்புச் சங்கங்களின் பெருந்தவறு.

ஆகவே மூன்று கருத்துகளைத் தங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, பங்கு என்பது பணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இயன்றவர் பணம் தரட்டும். இயலாதவர் மாதம் ஓரிரவு சுற்றுக்காவலுக்கு வரட்டும், அல்லது பெயர்ப்பட்டியலையும் கணக்கேட்டையும் கவனிக்கட்டும். முதியோருக்கும் நலிந்தோருக்கும் முழு விலக்களிக்கலாம். ஆலயத்தில் பொன் தருபவரும் உண்டு, பூத்தொடுப்பவரும் உண்டு. இருவரையும் உபயகாரர் என்றுதானே போற்றுகிறோம்?

இரண்டாவது, கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும். சங்கம் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். காசோலையில் இருவர் கையொப்பம் வேண்டும். மாத வரவுசெலவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இது அனைத்து இனத்தாரும் வாழும் தாமான். ஆகையால் இந்நிதி ஆலயத்தின் பெயரில் அமையக்கூடாது. உண்டியல் பணம் ஆலயத்துக்கே. காவல் பணம் காவலுக்கே. கூட்டம் நடத்த மண்டபத்தைத் தருவதும், அயலாரை அன்போடு அழைப்பதும் நாம் செய்யத்தக்க உதவி.

மூன்றாவது, காவலருக்கு நியாயம் செய்தல் வேண்டும். 1971ஆம் ஆண்டு தனியார் முகவர் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற நிறுவனத்தையே அமர்த்த வேண்டும். 2025ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் மிகைநேர ஊதியமும், சேமநிதி, சொக்சோ சந்தாக்களும் உண்டு. எவரேனும் மிக மலிவாகக் காவல் தருகிறேன் என்று வந்தால், அந்த மலிவு யாருடைய வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். நம்மவர்களுள் எத்தனையோ பேர் முதிய வயதில் இப்பணியைச் செய்கின்றனர். நம்மைக் காக்க விழித்திருப்பவரை நாம் வஞ்சிக்கலாகாது.

சுற்றுக்காவலுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. காவல் வேறு, தண்டனை வேறு. பெருங்குற்றம் புரிபவரைக் கண்முன்னே கண்டால், பொதுமக்கள் பிடித்துத் தாமதமின்றிப் போலீசாரிடம் ஒப்படைக்கச் சட்டத்தில் இடமுண்டு, அடிப்பதற்கு இடமில்லை. ஐயம் தோன்றினால் 999 எண்ணை அழையுங்கள். தெரியாத முகம் எல்லாம் திருடன் முகமன்று.

பெருமக்களே, உயர்ந்த மதில் எழுப்பினால் திருடன் அடுத்த வீதிக்குப் போவான். அடுத்த வீதியிலும் நம்மவர்தாம் வாழ்கின்றனர். அயலார் பெயரை அறிந்த வீதியே பாதுகாப்பான வீதி. இத்திருவிழா முடிந்து இல்லம் திரும்பியதும், இதுவரை பேசாத ஓர் அயலாரின் கதவைத் தட்டி, அவர் நலம் விசாரியுங்கள். கூட்டு நிதியின் முதல் வெள்ளி அந்த விசாரிப்பேயாகும்.

பைரவரிடம் திறவுகோலை ஒப்படைக்கும் அர்ச்சகரும், கதவைப் பூட்டிய பின்னரே ஒப்படைக்கிறார். நம் பங்கை நாம் செய்வோம். மற்றதை அம்பிகை காத்தருள்வாள்.