முளைத்த பின் வறுங்கள்

கேப்பையும் சிறுபயறும் வறுத்துத் திரிக்கும் சத்துமாவில் தாதுக்களுக்குக் குறைவில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் ஏறத்தாழ 120தான். ஆனால் மாவில் இருப்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை. தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் சுண்ணாம்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெறுமனே வறுத்தால் அது பெரிதாகக் குறையாது. ஊறவைத்து முளைகட்டும்போதுதான் விதையின் ஃபைட்டேஸ் நொதி வேலை செய்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. முதலிலேயே வறுத்துவிட்டால் வெப்பத்தில் நொதி அழிந்துபோகும். எனவே முளைகட்டி, வெயிலில் காயவைத்து, அதன் பிறகே வறுக்க வேண்டும்.

அப்படியானால் வறுப்பது வீணா என்றால், இல்லை. ஈரம் போய் மாவு நாள்படும், மணமும் கூடும். இரும்புச்சத்துக்குக் கஞ்சியில் தேன் ஊற்றினால் போதாதா என்பார்கள். மார்த்தாண்டம் தேன் அருமையானது. ஆனால் அதில் இரும்பு மிகச் சொற்பம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ தேனே கூடாது. அதைவிட ஒரு நெல்லிக்காய் மேல், அதன் வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்க உதவும். முளைகட்ட நேரமில்லை என்பது நியாயமான மறுப்புதான். ஆனாலும் ஒருமுறை பட்ட பாடு பல வாரக் கஞ்சிக்கு ஆகும். அடுத்த முறை ஊறப்போட்டுப் பாருங்கள். இரும்பு உடலில் சேர, கஞ்சியோடு குடிக்கும் கட்டன்சாயாவை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.